முடியாது என்று சொன்னவனைத் திட்டாதீர்கள்

என் மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும் திருநீர்மலையிலிருந்து வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் மைத்துனர் ஒரு செய்தியைப் போட்டார். பிரான்ஸில் கட்டும் 'செயற்கைச் சூரியன்' இன்னும் தள்ளிப்போகிறதாம், நம் வரிப்பணம் வீணாம். பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டீர்கள். ஒரு மாணவர் மட்டும் "அறிவியலுக்கு அவசரம் ஆகாது, கேள்வி கேட்காதீர்கள்" என்று எழுதினார். இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை.

முதலில் விவரம். ஐட்டர் என்ற அந்த அணுக்கரு இணைவுத் திட்டத்தில் இந்தியா 2005 முதல் பங்காளி. நம் பங்கு ஏறத்தாழ 9 சதவீதம். அதில் பெரும்பகுதியைப் பணமாகத் தராமல் பாகங்களாகச் செய்து தருகிறோம். முழு இயந்திரத்தையும் உள்ளே அடக்கும் 3,850 டன் குளிர்க்கலத்தை, 29 மீட்டர் உயரத்தில், குஜராத்தின் ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ செய்தது. துண்டுதுண்டாகக் கப்பலில் போய் அங்கே பற்றவைக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய வேலை.

முதலில் 2016இல் இயங்கும் என்றார்கள். பிறகு 2025 என்றார்கள். 2024இல் வந்த புதுத் திட்டப்படி ஆய்வு தொடங்குவது 2034, உண்மையான எரிபொருளோடு ஓடுவது 2039. செலவு மேலும் 500 கோடி யூரோ.

இங்கே தோற்றது இயற்பியலா? இல்லை. வெப்பத் தடுப்புத் தகடுகளின் குளிரூட்டும் குழாய்களில் குளோரின் எச்சத்தால் விரிசல் விழுந்தது. வெற்றிடக் கலத்தின் பகுதிகள் பற்றவைக்கும் விளிம்புகளில் சரியாகப் பொருந்தவில்லை. 2022 தொடக்கத்தில் பிரெஞ்சு அணு பாதுகாப்பு அமைப்பு பொருத்தும் வேலையை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு மே மாதம் குழிக்குள் இறக்கிய 1,300 டன்னுக்கு மேற்பட்ட பகுதியை 2023இல் மறுபடி வெளியே தூக்கினார்கள்.

யாரும் கட்டாததைக் கட்டும்போது கோளாறு வரும். அது குற்றமில்லை. ஆனால் எது தவறலாம், தவறினால் யார் பொறுப்பு, அதற்கு எத்தனை மாதம், எவ்வளவு பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்ற கணக்கு முதல் நாளே வேண்டும். ஒரு நாடு செய்த பாகம் இன்னொரு நாட்டுப் பாகத்தோடு பொருந்தாவிட்டால் செலவு யார் தலையில்? மாற்றங்களுக்கென்று பொது நிதி ஒன்று வேண்டும் என்று 2015இல் தலைமையேற்ற பெர்னார் பிகோ வற்புறுத்த வேண்டியிருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2006இல்!

பிரான்ஸ் எதற்கு? இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் கல்பாக்கம். முன்மாதிரி அதிவேக ஈனுலைக்கு 2003இல் 3,492 கோடி ரூபாய், 2010இல் முடியும் என்றார்கள். 2004 டிசம்பரில் அஸ்திவாரக் குழிக்குள் சுனாமி நீர் புகுந்தது உண்மை. ஆனால் உலை மையத்தை நிரப்பும் பணியைத் தொடங்கி வைத்தது 2024 மார்ச்சில். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை புதுத் தேதிகள்! அத்தனைக்கும் சுனாமி பொறுப்பாகுமா?

"உண்மைச் செலவைச் சொன்னால் யாரும் அனுமதி தரமாட்டார்கள் சார்" என்பீர்கள். வீடு கட்டிய எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும். குறைத்துச் சொல்லி வேலையைப் பிடிப்பவர் கூரை மட்டம் வந்ததும் கையை விரிப்பார். அப்போது நிறுத்தவும் முடியாது, நம்பவும் முடியாது. அறிவியலுக்கு அந்தப் பெயர் வாங்கித் தராதீர்கள்.

அதனால்தான் 2024 திட்டத்தைக் கேலி செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். சில காந்தச் சுருள்களைப் பொருத்தும் முன்பே உறைகுளிரில் வைத்துச் சோதிப்பதும் அந்தத் திட்டத்தில் அடக்கம். இன்று சில மாதம் செலவழித்து நாளைய பல ஆண்டுகளைக் காப்பாற்றும் வேலை அது. கசப்பான தேதியை வாய்விட்டுச் சொன்னதற்காக அடித்தால், அடுத்தவன் இனிப்பான பொய்யைத்தான் சொல்வான்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி? ஒரு பாவம் செய்தவன் என்ற தகுதி. பல ஆண்டுகளுக்கு முன் அறிவியல் கண்காட்சிக்கு நான்கு நாள் இருக்கையில் ஒரு பையன் எழுந்து, "சார், மோட்டார் சுருள் சூடாகுது, வெள்ளிக்கிழமைக்குள்ள முடியாது" என்றான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அபசகுனமாகப் பேசாதே என்று வகுப்பு முன்னால் திட்டிக் குழுவிலிருந்து நீக்கினேன். வெள்ளிக்கிழமை, நடுவர்கள் முன்னிலையில், சுருள் புகைந்தது.

அவன் இன்று பெரிய கட்டுமானங்களுக்குக் கால அட்டவணை போடும் பொறியாளர். போன மாதம் வீட்டுக்கு வந்தான். விடைபெறும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "மீட்டிங்ல தேதி முடியாதுன்னு சொல்ல எழுந்தா, இன்னைக்கும் உங்க முகம்தான் சார் ஞாபகம் வருது." அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

எங்கள் ஊர் மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், அது வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலபுராணம். நீர் இல்லை என்று அவர் பாசாங்கு செய்யவில்லை.

உங்களில் பலர் இன்று மேலாளர்கள், அதிகாரிகள், தலைமையாசிரியர்கள். உங்களுக்குக் கீழே ஒருவர் எழுந்து "முடியாது" என்றால், முதல் வார்த்தையாக "ஏன்?" என்று கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

தம்பி, நீயும் இதைப் படிப்பாய். அன்று நீ சொன்னது சரி. என்னை மன்னித்துவிடு.