மூடாத கதவு

நீரிழிவு என்றதும், 'வாயைக் கட்டத் தெரியாதவர்' என்று நோயாளியையே குற்றம் சாட்டிப் பழகிவிட்டோம். கணையத்தின் பீட்டா செல்லுக்குள் நடப்பதை அறிந்தால் இத்தனை எளிதாகத் தீர்ப்புச் சொல்லமாட்டோம்.

அச்செல்லின் சவ்வில், பொட்டாசியம் வெளியேறும் புரத வாயில்கள் உள்ளன. குளுக்கோஸ் சிதைந்து ஏ.டி.பி. பெருகியதும் அவை மூடும், மின்னழுத்தம் மாறும், கால்சியம் உட்புகும், இன்சுலின் வெளிவரும். வாயிற்புரதத்தின் மரபணுவில் பிழையிருப்பின் கதவு மூடாது. இன்சுலின் இருந்தும் வெளிவராது.

பிறந்து ஆறு மாதத்துக்குள் நீரிழிவு காணும் குழந்தைகள் பலருக்கு இப்பிழை உண்டென 2004இல் இங்கிலாந்தின் எக்ஸிடரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹேட்டர்ஸ்லி குழுவினர் கண்டனர். ஊசியே கதியென்றிருந்த அத்தகைய 49 பேருக்கு, அக்கதவை மூடவல்ல பழைய சல்ஃபோனில்யூரியா மாத்திரை தரப்பட்டது. 44 பேர் ஊசியைக் கைவிட்டனர் என்றது 2006இல் வெளியான ஆய்வு.

பால்குடி மறவாத குழந்தை எந்த இனிப்பைத் தின்றது?

எல்லா நீரிழிவும் இவ்வகையன்று. உணவுக் கட்டுப்பாடு வீண் என்பதும் நம் வாதமன்று. ஆயினும், ஆறு மாதத்துக்குள் நோய் கண்டவர் இன்று வளர்ந்தவரேயாயினும், அவருக்கு மரபணுச் சோதனை செய்தாக வேண்டும். வேண்டாத ஊசியை வாழ்நாளெல்லாம் ஒருவர் சுமப்பதற்கு நம் அறியாமை காரணமாகலாகாது.