ஆலை வாசலுக்கு வரட்டும் ஆலோசனைப் படிப்பு

ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. விடுதி உணவு நஞ்சானதை எதிர்த்து 2021 டிசம்பரில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்த வட்டாரத்துக்கு இது அவசியமான ஏற்பாடு. ஆனால், ஊரைவிட்டு வந்து இரவு ஷிஃப்ட் பார்க்கும் இளம்பெண்ணுக்கு மனம் கனத்துப்போனால் யாரிடம் சொல்வாள்? 14416 என்ற ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் இருக்கிறது. ஆனாலும், அவள் முகம் வாடியிருப்பதை முதலில் கவனிப்பவர்கள் விடுதி வார்டனும், ஆலைச் செவிலியரும், லைன் சூப்பர்வைசரும்தான்.

இவர்களில் விருப்பமுள்ளவர்கள் முறையாக உளவியல் ஆலோசனை படிக்க வழி வேண்டும். எந்தப் பட்டம் பெற்றவரும் வேலையை விடாமல் சேர இக்னோவின் எம்.ஏ. உளவியல் போன்ற தொலைநிலைப் படிப்புகள் இடம் தந்தன. 2025 ஜூலை - ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி அறிவித்துவிட்டது. இதன் நோக்கத்தில் நியாயம் உண்டு. பிறர் துயரைக் கேட்கும் பயிற்சி, அனுபவமிக்கவரின் மேற்பார்வையில்தான் கைவரும். பாடநூலும் தேர்வும் மட்டும் போதாது. ஆனால், பழைய கதவை மூடியவர்கள் புதியதைத் திறக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகள் கல்லூரிக்குப் போக, குடும்பம் நடத்தும் செவிலியரால் முடியுமா?

தேர்வுத்தரத்தைத் தளர்த்துவது தீர்வல்ல. வகுப்பு நேரத்தை மாற்றுவதே தீர்வு. ஸ்ரீபெரும்புதூரிலேயே மத்திய அரசின் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் அது. வார இறுதியில் நேரடி வகுப்பு, ஷிஃப்டுக்கு ஏற்ற களப்பயிற்சி, உளவியல் படிக்காதவர்களுக்கு ஓர் அடிப்படைப் பருவம் என மூன்றாண்டு முதுநிலைப் படிப்பை அது தொடங்கலாம். கட்டணத்தில் ஒரு பங்கை ஆலைகள் ஏற்கலாம்.

ஒரு நிபந்தனை மட்டும் கட்டாயம். படித்து வருபவர் தன் லைனில் வேலை பார்ப்பவருக்கே ஆலோசகராக அமரக் கூடாது, ஹெச்.ஆர். துறையின் கீழும் இருக்கக் கூடாது. சொன்னது மேலதிகாரியின் காதுக்குப் போகும் என்ற அச்சம் இருக்கும்வரை எந்தத் தொழிலாளியும் வாய் திறக்க மாட்டார். எனவே ஆலோசகர்களைப் பல ஆலைகளுக்குப் பொதுவான மையத்தில் அமர்த்தி, அதை மாவட்ட மனநலத் திட்டத்துடன் இணைப்பதே சரி. தொழிலாளர் துறையும் உயர்கல்வித் துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க முடியும்.