எபசோட்டே: தொட்டியில் இலை, புட்டியில் எண்ணெய்

வீட்டு மூலிகைத் தோட்டத்தில் எபசோட்டே வளர்க்கச் சொல்லும் குறிப்புகள் பலவற்றில் இரண்டு வாக்குறுதிகள் அருகருகே நிற்கின்றன: பயறுக்கு மணமூட்டும், குடற்புழுக்களை வெளியேற்றும். முதலாவதை மெக்சிகோவின் அடுப்படிகள் பல தலைமுறைகளாக மெய்ப்பித்து வருகின்றன. இரண்டாவதை அந்தக் குறிப்புகளிலிருந்து நீக்கியிருக்க வேண்டிய காலம் எப்போதோ கடந்துவிட்டது. இதில் விதை விற்பவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. இனத்தாவரவியல் ஆய்வேடுகள் பலவற்றின் பின்னிணைப்பு அட்டவணைகளும் இதையே செய்கின்றன. தாவரப் பெயர், குடும்பம், ‘பயன்: புழு நீக்கி’ என மூன்று கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. எந்த உறுப்பு, எந்தப் பருவம், எவ்வளவு என்பவற்றுக்குக் கட்டமே இருப்பதில்லை.

லின்னேயஸ் 1753இல் இச்செடிக்குக் கெனோபோடியம் அம்புரோசியாய்டிஸ் என்று பெயரிட்டார். 2002இல் அது டிஸ்பேனியா பேரினத்திற்கு மாற்றப்பட்டது. ஐரோப்பியரின் பெயரில் தேவர் உணவாகிய அம்புரோசியாவின் சாயல் இருக்கிறது. நாவாட்டில் மொழிப் பெயரிலோ நாற்றமடிக்கும் ஸ்கங்க் என்னும் விலங்கு ஒளிந்திருக்கிறது. இலையைக் கசக்கி முகர்ந்தவர் இரண்டாவது பெயரைச் சூட்டியோர் பக்கமே சாய்வார். மண்ணெண்ணெயும் எலுமிச்சைத் தோலும் கலந்தது போன்ற நெடி அது. ஆயினும் ராஜ்மாவின் கறுப்பு வகை வேகும் பானையில், அடுப்பை அணைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு கிளையைப் போட்டால் அந்த நெடி அடங்கி, வேறெந்த மூலிகையும் தராத மணமாகிறது. பருப்புக்குப் பெருங்காயம் எப்படியோ அப்படி. வாயுத் தொல்லைக்கு நல்லது என்ற நம்பிக்கையும் இரண்டுக்கும் பொது. யுகடான் பகுதியின் பப்பட்சூல் என்ற உணவில், பூசணி விதைச் சாந்தைக் கரைக்கும் நீரே எபசோட்டே இட்டுக் கொதித்த நீர்தான். உலர்ந்த இலையில் இம்மணம் பெரிதும் போய்விடுகிறது. வீட்டில் வளர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

வளர்ப்பதும் கடினமன்று. விதை கடுகினும் சிறியது. மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி மெல்ல அழுத்தினால் போதும், முளைக்க ஒளி உதவுகிறது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் கிடைத்தால் ஓரடி ஆழத் தொட்டியே தாராளம். உரத்தை அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை; மெலிந்த மண்ணிலும் செழிக்கும் செடி இது. உறைபனி விழும் இடங்களில் ஓராண்டுக்குள் மடியும். வெப்ப நிலங்களில் அதையும் தாண்டி நிற்கும். கவனம் தேவைப்படுவது நுனியில்தான். பூங்கொத்து தலைகாட்டியவுடன் கிள்ளிவிட வேண்டும். கிள்ளினால் பக்கக் கிளைகள் அடர்ந்து இளந்தளிர் தொடர்ந்து கிடைக்கும். விட்டுவிட்டால் எண்ணற்ற விதைகள் உதிர்ந்து, அடுத்த பருவத்தில் அக்கம்பக்கத்துத் தொட்டிகளெல்லாம் அதன் ஆட்சிக்குள் வந்துவிடும். இந்தியாவின் பல பகுதிகளில் பெயர் அறியப்படாத சாலையோரக் களையாக இது ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது என்பதையும் தோட்டக்காரர் மறக்கலாகாது.

கிள்ளுதலுக்கு மற்றொரு பொருளும் உண்டு. செடியின் நஞ்சுத்தன்மைக்குக் காரணமான அஸ்காரிடோல் பூவிலும் விதையிலும்தான் மிகுதி. சமைப்பவர் கிள்ளி எறியும் அதே நுனியைத்தான் எண்ணெய் வடிப்பவர் காத்திருந்து அறுத்தார். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், குறிப்பாகக் கேரல் கவுண்டியில், இச்செடி வயல் வயலாகப் பயிரிடப்பட்டு, விதை பிடித்த பின் ஆவியில் வடிக்கப்பட்டது. பால்டிமோர் எண்ணெய் எனப் பெயர்பெற்ற அதில் பாதிக்கும் மேல் அஸ்காரிடோல். அதிகமாகச் சூடாக்கினால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கங்கள் தைமாலோடு இந்த எண்ணெயையும் நாடு நாடாகக் கொண்டு சென்றன. 1916இல் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த இயக்கம், தென்னிந்தியாவிலிருந்து போன தமிழ்த் தொழிலாளரைக் குறியாகக் கொண்டது. எண்ணெய் புழுவைக் கொன்றது உண்மை. ஆனால் குணப்படுத்தும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது: தலைச்சுற்றல், செவிட்டுத்தன்மை, வலிப்பு, சிலருக்கு மரணம். பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அது ஒதுக்கப்பட்டது.

எண்ணெய்தான் கொடியது, இலைக் கஷாயம் மென்மையானது, முன்னோர் குடித்ததுதானே என்ற வாதம் எழும். அதற்கும் விடை இருக்கிறது. மெக்சிகோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் மரபுவழி அளவுகளிலேயே கஷாயத்தைக் கொடுத்து ஆராய்ந்த மைக்கேல் கிளிக்ஸ், கொக்கிப்புழு, உருண்டைப்புழு முதலியவற்றின் மீது குறிப்பிடத்தக்க விளைவு இல்லை என்று 1985இல் வெளியிட்டார். மரபு அளவில் இலை வேலை செய்யவில்லை. வேலை செய்த எண்ணெயோ ஆளையும் சாய்த்தது. இவ்விரண்டையும் ‘புழு நீக்கி’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கும் அட்டவணை, தகவலைச் சுருக்கவில்லை, திரிக்கிறது. மரபறிவை மதிப்பது என்பது அதைச் சோதித்தவரின் எதிர்மறை முடிவையும் அதே கட்டத்தில் எழுதுவதாகும். அந்த முடிவு நாற்பது ஆண்டுகளாக அச்சில் இருந்தும் மேற்கோள்களில் அரிதாகவே எட்டிப்பார்க்கிறது.

இந்தியப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாக வழங்கப்படுகிறது. வீட்டுக் குழந்தைக்குத் தோட்டத்துக் கஷாயத்தைக் கலக்கும் தேவையே இல்லை. கருவுற்ற பெண்கள் இச்செடியைச் சமையலிலும் தவிர்ப்பது நல்லது. மற்றவர்களுக்கு ஒரு பானைப் பயறுக்கு ஓர் இளங்கிளை போதும். பரிமாறுமுன் காம்பை எடுத்துவிடலாம்.