டீ.டி.எஸ்.!

ஆரோக்கியமாகச் சாப்பிடுவது எப்படி என்று யாரைக் கேட்டாலும், முதல் வரியிலேயே நம் பர்ஸைத் திறக்கச் சொல்கிறார்கள். காலையில் ஊறவைத்த பாதாம் ஆறு. பதினோரு மணிக்கு ஒரு ஆப்பிள். சாயங்காலம் ஒரு கிண்ணம் பழக்கலவை. ராத்திரி குங்குமப்பூ போட்ட பால். நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு மாசம் இதைக் கடைப்பிடித்தால் உடம்பு நிச்சயம் தேறிவிடும். வீடுதான் ஜப்திக்குப் போய்விடும்.

அடியேன் பி.காம். சத்து எனக்குச் சுமாராகத்தான் தெரியும். வரவு செலவு கொஞ்சம் நன்றாகவே தெரியும். ஆகவே இந்த வாரம் சாப்பாட்டுத் தட்டையே ஒரு கணக்குப் புத்தகமாக எடுத்துக்கொண்டு தணிக்கை செய்யலாம் என்று உத்தேசம். தணிக்கை நடக்கும் இடம் சேரங்கோடு.

'அது எங்கேய்யா இருக்கு?' என்கிறீர்களா? ஊட்டியிலிருந்து கூடலூர் இறங்கி, பந்தலூர் தாண்டி, பஸ் கேரளாவுக்குள் விழுவதற்கு முன்னால் "நிறுத்துங்க!" என்று கத்தினால், கிட்டத்தட்ட அதுதான் எங்கள் ஊர். மழை, அட்டை, யானை மூன்றும் தாராளம். நாலு பக்கமும் தேயிலை. அதில் பெரும்பகுதி சர்க்கார் தோட்டமான டேன்டீ. 1964-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968-ல் தொடங்கிய திட்டம். அதனால் எங்கள் ஊரில் பால் விடாத டீக்கு மட்டும் மூன்று பெயர். இலங்கையிலிருந்து வந்தவர் வீட்டில் 'தேத்தண்ணி' அல்லது 'சாயத்தண்ணி'. எல்லை தாண்டி வந்த சேட்டன் கடையில் 'கட்டன் சாயா'. பெயர் எதுவானாலும் நேரம் ஒன்றுதான்: எப்போதும்!

சரி, கணக்குக்கு வருவோம். முதல் பத்தி, அரிசி. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டு ரேஷனில் அரிசி இலவசம். நாலு பேர் குடும்பத்துக்கு மாசம் 20 கிலோ. தலைக்கு ஒரு நாளைக்கு 166 கிராம் வருகிறது. கொஞ்சம் கடையில் வாங்கிச் சேர்த்தால் வயிற்றுக்கு வஞ்சனை இல்லை. இரண்டாவது பத்தி, பருப்பு. 2007-ல் வந்த சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய். சல்லிசான விலை, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒரு கிலோவை நாலு பேருக்கு முப்பது நாளைக்குப் பிரித்துப் பாருங்கள்... தலைக்கு எட்டு கிராம்! சாம்பாரில் பருப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். ஒரு ஆளுக்குத் தினம் 85 கிராம் அளவுக்குப் பருப்பு வகையோ, அதற்கு ஈடாக முட்டை, மீன், கறியோ வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பட்டியல். ஆக, எங்கள் தட்டில் வயிறு நிறைகிறது, உடம்பு நிறைகிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்டு ஆராய்ச்சி செய்ய அமெரிக்கா போக வேண்டாம். எங்கள் ஜில்லாவிலேயே நூறு வருஷத்துக்கு முன்னால் கேட்டுவிட்டார்கள்.

1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில், ராபர்ட் மெக்காரிஸன் என்ற வெள்ளைக்கார டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சின்ன சோதனைக்கூடம் போட்டார். பிற்பாடு அவர் செய்த வேலை சுவாரஸ்யமானது. இந்தியாவின் பல பகுதி ஜனங்கள் சாப்பிடுவதை அப்படியே எலிகளுக்கும் சமைத்துப் போட்டார். ஒரு கூண்டுக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி. இன்னொரு கூண்டுக்கு மெட்ராஸ் சாப்பாடு: தீட்டிய அரிசியைக் கழுவிக் கழுவி வடித்த சோறு, பக்கத்தில் பேருக்குக் கொஞ்சம் மற்றதெல்லாம். ரிசல்ட்? சீக்கிய எலிகள் பயில்வான்களாக வளர்ந்து முதலிடம். கடைசி இடம்... வேறு யார், நம்மாளுங்கதான்!

வெள்ளைக்காரர் தன் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்து ஏழைகள் சாப்பிடுகிற மாதிரி வெள்ளை ரொட்டி, மார்ஜரின், மலிவு ஜாம், டின் கறி, வேகவைத்த காய், சர்க்கரை போட்ட டீ என்று ஒரு கூண்டுக்குக் கொடுத்தார. எலிகள் வளரவில்லை. நோய் வந்தது. போதாததற்குக் கோபமும் வந்தது. சோறு போடுகிறவரையே கடித்தன. சுமார் அறுபதாம் நாள் வாக்கில், பலசாலி எலி நோஞ்சான் எலியைக் கொன்று தின்ன ஆரம்பித்துவிட்டது. வயிற்றை நிரப்புவது வேறு, உடம்பை நிரப்புவது வேறு என்பதற்கு இதைவிடப் பலமான சாட்சி வேண்டுமா?

அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, 1969-ல் 'தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்' என்று பெயர் சூட்டிக்கொண்டது. குன்னூர் மழையில் நனைந்து வளர்ந்த பிள்ளை ஹைதராபாத்தில் பெரிய ஆள் ஆகிவிட்டது. அந்தப் பிள்ளை 2024 மே மாசம் நாட்டுக்கே சில அறிவுரைகள் சொன்னது. அதில் ஒன்று, பிறந்த மலைக்கே நேராக எழுதின கடிதம் மாதிரி இருந்தது: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் டீ, காபி வேண்டாம்.

ஏன்? இங்கேதான் என் பி.காம். உதவிக்கு வருகிறது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே கம்பெனியே வரியைப் பிடித்துக்கொள்ளுமே, டி.டி.எஸ். என்று? டீ செய்வதும் அதேதான். கீரை, பருப்பு, கேழ்வரகில் இருக்கிற இரும்புச்சத்து குடலைத் தாண்டி ரத்தத்தில் வரவு வைக்கப்படுவதற்கு முன்னாலேயே, டீயில் இருக்கிற டானின் அதைக் கட்டிப்போட்டு வெளியே அனுப்பிவிடுகிறது. 1975-லேயே தென்னாப்பிரிக்க டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரொட்டியோடு டீ, சோறும் உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் சாப்பிட்டு டீ, எதுவானாலும் இரும்பு உடம்பில் சேர்வது குறைந்தது. மாமிசம் தாராளமாகச் சாப்பிடுகிறவருக்கு இது பெரிய நஷ்டமில்லை. சோறும் குழம்புமாகக் காலம் தள்ளுகிறவருக்குத்தான் அடி. அதாவது வருமானம் குறைந்தவனுக்கு வரி அதிகம்! பால் விட்டால் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம். வரி விகிதம் ஏறக்குறைய அதேதான்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவர். தேயிலைக் காட்டில் இது வெறும் சதவிகிதம் இல்லை. ரத்தம் குறைந்தால் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். மூச்சு வாங்கினால் கொழுந்து குறையும். கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கிற கூடுதல் காசு போகும். காசு குறைந்தால் முதலில் கைவைப்பது முட்டையிலும் பருப்பிலும்தான். அப்புறம் ரத்தம் இன்னும் குறையும். வட்டிக்கு வட்டி என்பது இதுதான்.

பக்கத்து லைன் வீட்டு அக்கா ஒருவர் கொழுந்தெடுக்கிறவர். நர்ஸம்மா வந்து இலவசமாக இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று மாசமாகியும் அக்காவுக்கு அதே களைப்பு, அதே தலைசுற்றல்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களாக்கா?"

"ஒரு நா விடாம போடுறேன் தம்பி. வேணும்னா அட்டைய எண்ணிப் பாரு."

"எதுல போடறீங்க?"

"தேத்தண்ணியிலதான். பச்சத் தண்ணியில போட்டா குமட்டுதே!"

நாள் முழுக்க டீக் கொழுந்து பறித்த கை, சாயங்காலம் அதே டீயில் சர்க்கார் இரும்பைக் கரைத்து விட்டுக்கொண்டிருக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அந்த ஒரு வரியை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது எலுமிச்சம்பழத் தண்ணியில் போடுகிறார். குமட்டலுக்கும் அது தேவலாம் என்கிறார்.

எலுமிச்சையை வெறும் ருசிக்காக நான் சிபாரிசு செய்யவில்லை. அதிலுள்ள வைட்டமின் சி, இரும்பை உடம்பில் சேர்ப்பதற்குத் துணைநிற்கும். கணக்குப் பாஷையில் சொன்னால் ரீஃபண்ட். நெல்லிக்காய், கொய்யா இரண்டுக்கும் அதே குணம்.

இனி பட்ஜெட். நாலு பேருக்கு, வாரம் 200 ரூபாய், அரிசி பருப்பு எண்ணெய் தவிர. எங்கள் ஊர்க் கடை விலை, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். முட்டை 12, ஏழு ரூபாய் வீதம் 84. வேர்க்கடலை கால் கிலோ 40. தட்டைப்பயறோ கொள்ளோ அரைக் கிலோ 50. மீதி 26 ரூபாய்க்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ. கீரைக்குக் காசு ஒதுக்கவில்லையே என்கிறீர்களா? கொல்லையில் முருங்கையும் மணத்தக்காளியும் சேம்பும் இருக்கின்றன. சீசனில் பலாக்காயும் பலாக்கொட்டையும். (பலாப்பழ விஷயத்தில் யானையோடு போட்டி போட வேண்டாம். சத்தான ஆகாரம் எது என்று அதற்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.) தேயிலைச் செடிக்கு நடுவே முளைத்த கீரையை மட்டும் பறிக்காதீர்கள். அங்கே மருந்து அடிப்பார்கள்.

பணத்துக்கு எங்கே போவது? டீ கிளாஸுக்குள்ளேயே கொஞ்சம் இருக்கிறது. ஒரு ஆள் தினம் ஐந்து டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மாசம் ஒன்றரைக் கிலோ. நாலு பெரியவர்கள் அதைப் பாதியாக்கினால் மூன்று கிலோ மிச்சம். கடையில் கிலோ 45 என்று வைத்தால் 135 ரூபாய். பத்தொன்பது முட்டை!

காசே இல்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. அரிசியை ஏழு தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். பி வைட்டமின் சாக்கடைக்குத்தான் போகும். பச்சரிசியைவிடப் புழுங்கல் மேல். அவித்துக் காயவைப்பதால் சத்து உள்ளேயே தங்கிவிடுகிறது. ரேஷன் அரிசியில் சில மணிகள் மட்டும் வேறு மாதிரி இருந்தால் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கிக் கோழிக்குப் போடாதீர்கள். அது இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்துச் செய்த மணி, நூற்றுக்கு ஒன்று என்று கலந்தது. கோழி ஏற்கெனவே சௌக்கியமாகத்தான் இருக்கிறது. (வீட்டில் அரிவாள் செல் சோகை, தாலசீமியா உள்ளவர்கள் இருந்தால் இரும்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) கேழ்வரகையும் மறக்க வேண்டாம். 2023 மே மாசம் நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. சுண்ணாம்புச்சத்தில் அரிசி அதன் கிட்டேயே நிற்க முடியாது.

கடைசியாக, பட்ஜெட்டுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு 2010-லிருந்து சத்துணவில் வாரம் ஐந்து முட்டை இருக்கிறது. 2023-லிருந்து அரசு தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துகொண்டது. அப்பாவுக்கு எப்படியும் கடை இருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டபின் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் எந்தத் திட்டத்திலும் முட்டை இல்லை. பன்னிரண்டு முட்டையை நாலால் வகுத்தால் மூன்று. அந்த மூன்றை அம்மா சாப்பிட்டுவிட்டாரா என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கணக்கை முடியுங்கள்.

டீயா? தாராளமாகக் குடியுங்கள், எங்கள் ஊர்ப் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பிடித்தம் போக மிச்சம், அப்போதுதான் ஏதாவது இருக்கும்!