2026 நவம்பர் 13

பழைய புள்ளிவிவரங்களோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டால் ஒரு சமன்பாடு வருங்காலத்தையும் சொல்லிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசும் மேடைகளில், செங்குத்தாக ஏறும் ஒரு வளைகோட்டைத் திரையில் காட்டி, "இதை யாராலும் தடுக்க முடியாது" என்கிறார்கள். அவையும் தலையாட்டுகிறது. இந்த நம்பிக்கை தவறு, ஆபத்தானதும்கூட.

1960 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹைன்ஸ் ஃபான் ஃபொயர்ஸ்டரும் இரு சகாக்களும் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். ஈராயிரம் ஆண்டு மக்கள்தொகை மதிப்பீடுகளுக்கு அது அழகாகப் பொருந்தியது. அதன்படி 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, உலக மக்கள்தொகை முடிவிலியைத் தொடும்! அப்படி ஆகாது என்பது அவர்களுக்கும் தெரியும். போகிற போக்கைப் பற்றி எச்சரிக்கவே நாள் குறித்தார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் உண்மையான மக்கள்தொகை சூத்திரத்தையும் முந்தி ஓடியது. 1975-இல் சரிபார்த்த எவரும் ஃபொயர்ஸ்டர் பக்கமே சாய்ந்திருப்பார். ஆனால் வளர்ச்சி விகிதம் 1960-களிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கிவிட்டது. 2022 நவம்பரில் நாம் 800 கோடிப் பேர் ஆனோம். அந்த மாதத்தைச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 4,500 கோடி வரும்.

இடையில் என்ன நடந்தது? பெண்கள் பள்ளிக்குப் போனார்கள். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற தைரியம் வந்தது. கருத்தடை கைக்கு எட்டியது. இரண்டு போதும் என்று கோடிக்கணக்கான வீடுகளில் முடிவெடுத்தார்கள். சூத்திரத்தில் இருந்தவை ஆண்டும் தலைக்கணக்கும்தான். இந்த முடிவுகளுக்கு அதில் இடமே கிடையாது.

மறுபக்கமும் சறுக்கியிருக்கிறார்கள். அமெரிக்க மக்கள்தொகை 19.7 கோடியோடு நின்றுவிடும் என்று 1920-இல் பெர்ல், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2020 கணக்கெடுப்பில் அது 33 கோடி.

மூர் விதி பலித்ததே என்பார்கள். ஒரு சில்லில் அடங்கும் மின்னணுக் கூறுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1965-இல் சொன்னார். 1975-இல் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று திருத்தினார். சில்லுத் தொழில் அதையே இலக்காக வைத்து, கூட்டாக வழித்திட்டம் வகுத்து, பணத்தையும் பொறியாளர்களின் உழைப்பையும் கொட்டியது. அதனால் பலித்தது.

எதிர்காலவியலாளர் ரே கர்ஸ்வைல் இப்போது, மனித அறிவும் இயந்திர அறிவும் ஒன்றாகும் தருணத்துக்கு 2045 என்று ஆண்டு குறிக்கிறார். குறிக்கட்டும். எந்த முதலீடு, எந்தச் சட்டம், யாருடைய சம்மதம் அந்தக் கோட்டைத் தாங்கி நிற்கிறது என்பதையும் அவரைப் போன்றவர்கள் சமன்பாட்டுக்குள் எழுதிக் காட்டட்டும். அதுவரை, அந்தக் கோட்டைக் காட்டி ஒரேயொரு ஊழியரை வீட்டுக்கு அனுப்பவும் எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.