ஒழுகும் தொட்டியும் ஒட்டுப்போடும் புத்தியும்

2022 டிசம்பர் 16 அன்று விடிவதற்கு முன், பெர்லின் நகரின் விடுதியொன்றில் நின்றிருந்த 'அக்வாடோம்' என்னும் உருளை வடிவ மீன்தொட்டி வெடித்துச் சிதறியது. சுமார் பத்து லட்சம் லிட்டர் நீர் தெருவரை பாய்ந்தது. அதிலிருந்த ஏறத்தாழ 1500 மீன்களில் மிகப் பெரும்பாலானவை மடிந்தன. 2003இல் திறக்கப்பட்ட அந்தத் தொட்டி, விரிவான சீரமைப்பு முடிந்து அவ்வாண்டில்தான் மீண்டும் பார்வைக்கு வந்திருந்தது. 2023இல் வெளியான வல்லுநர் அறிக்கை ஒரே காரணத்தை அறுதியிடவில்லை. ஒட்டிய மூட்டு விட்டுப்போனது, அடிப்பகுதியில் விழுந்த வடு, சீரமைப்பின்போது நீரின்றி அக்ரிலிக் உலர்ந்துபோனது என மூன்று சாத்தியங்களை முன்வைத்தது. பழுதுபார்ப்பும் ஐயத்துக்குரியவற்றில் ஒன்றானது என்பதே நம்மை நின்று யோசிக்க வைக்கிறது.

வீட்டுக் கூடத்தில் இருக்கும் நூறு லிட்டர் தொட்டிக்கும் அக்ரிலிக்கின் இயல்பு அதேதான். ஆனால் ஒழுக்கைக் கண்டதும் நாம் செய்வது என்ன? கடையில் ஒரு சிலிக்கான் குழாய் வாங்கி, வெளிப்புறத்து ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுப் பூசிவிடுகிறோம். கண்ணாடித் தொட்டியின் வைத்தியம் இது, அக்ரிலிக்குக்குப் பொருந்தாது. கண்ணாடியைச் சிலிக்கான் உறுதியாகப் பற்றும். அக்ரிலிக்கின் மீது அந்தப் பிடிப்பு வராது. அக்ரிலிக் தொட்டியின் மூட்டுகள் பசையால் ஒட்டப்பட்டவையும் அல்ல. ஒரு கரைப்பான் இரு பலகைகளின் விளிம்புகளையும் இளக்கி, அவை ஒன்றுகலந்து இறுகிய பின் ஆவியாகிப் போய்விடுகிறது. அப்படி ஒன்றானது பிரியும்போது, மேலே பூசும் எதுவும் வெறும் திரையே.

முறையான வழி பொறுமையைக் கேட்பது. மீன்களை வேறிடம் மாற்றி, தொட்டியைக் காலிசெய்து, மூட்டை முற்றிலும் உலர்த்த வேண்டும். மயிரிழை விரிசலானால், நீர்போன்ற கரைப்பானை ஊசிமுனையால் விட்டால் நுண்புழை ஈர்ப்பால் அதுவே உள்ளே செல்லும். இடைவெளி அகன்றிருந்தால் அதை நிரப்பும் கெட்டியான அக்ரிலிக் சிமெண்ட் வேண்டும். உள்மூலையில் முக்கோணக் குச்சி ஒன்றை வைத்து இணைப்பதும் நல்லது. ஒட்டுவது நீர் நிற்கும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்போது நீரின் அழுத்தம் ஒட்டைத் தள்ளாமல் அதைச் சுவரோடு அழுத்தி நிற்கும். இக்கரைப்பான்களின் ஆவி நச்சுடையது. காற்றோட்டமில்லாத அறையில் இவ்வேலை கூடாது. இறுகக் குறைந்தது ஒரு நாளாவது விட்டு, பிறகு நீரூற்றிச் சோதித்த பின்பே மீன்களை விட வேண்டும்.

இதற்கும் முன்பாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மூட்டு ஏன் விட்டது? தொட்டியை ஏந்தும் மேசை மட்டமாக இல்லாமலிருக்கலாம். ஆல்கஹால் கலந்த துப்புரவு நீரால் துடைத்துத் துடைத்து அக்ரிலிக்கில் நுண்விரிசல்கள் படர்ந்திருக்கலாம். காரணம் அப்படியே இருக்க, ஒட்டு மட்டும் புதிதாக இருந்து பயனில்லை. விரிசல்கள் சுவர் முழுவதும் வலைபோல் பரவிவிட்டால் தொட்டியைக் கைவிடுவதே நேர்மை. நீரின் அழுத்தம் தொட்டியின் அகலத்தைப் பார்ப்பதில்லை, உயரத்தையே பார்க்கிறது. ஆகவே குறுகலான, உயர்ந்த தொட்டிக்காரர்கள் "சின்னத் தொட்டிதானே" என்று ஆறுதல் கொள்ள இடமில்லை.

நெஞ்சக் கசிவைப் போற்றிப் பாடிய மொழி நம்முடையது. தொட்டிக் கசிவுக்கு அந்தச் சலுகை வேண்டாம். ஒழுகும் வீட்டை விட்டு நாம் வெளியேறிவிடலாம். மீனுக்கு அந்த வழியில்லை. அதன் உலகத்தைச் சமைத்து வைத்தவர்கள் நாம். ஒரு வார இறுதியை அதற்காகச் செலவிட மனமில்லாதவர்கள் மீன் வளர்க்காமலிருப்பதே மேல் என்பது நம் கருத்து.