ஒரு குழாய் பாக்கி

ஊர்த் திருவிழாவில் எனக்கு வழக்கமாக வசூல் கணக்கு. பி.காம். படித்த பாவம். போன வருஷம் நாற்பது ரூபாய் இடித்ததில் இந்தத் தடவை பதவியிறக்கம். வேட்டுக்கார ஐயாவுக்கு எடுபிடி!

ரஞ்சன்குடி தெரியுமில்லையா? திருச்சியிலிருந்து சென்னை போகும்போது பெரம்பலூர் தாண்டினால் ஒரு கோட்டை வரும். பஸ்ஸில் தூங்காதவர்கள் பார்த்திருக்கலாம்.

ஐயாவிடம் பதினோரு இரும்புக் குழாய்கள். வெடிக்கும்போது ஊரே காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்க்கும். முடிந்ததும் ஒரு ஈ, காக்கா இருக்காது. எங்கள் டூட்டி அப்போதுதான் ஆரம்பம்.

"சூட்டோட சூடா கழுவிடணும் தம்பி. நாளைக்குன்னு விட்டா உள்ளே சேறாயிரும்."

நிஜம்தான். கருமருந்து எரிந்த கரி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ராத்திரி கறுப்பாக விட்டால் சீக்கிரமே துரு தலைகாட்டும். சாமர்த்தியமாக எண்ணெயை ஊற்றிவைத்தாலும் பிரயோஜனமில்லை, கரி கரைவது தண்ணீரில்தான். வெந்நீர், தேங்காய் நார், கவிழ்த்துவைத்து உலர்த்தல். அப்புறம்தான் எண்ணெய். அடுத்த தடவை மருந்து போடுமுன் அந்த எண்ணெயையும் துடைத்தாகவேண்டும். என் மோட்டார் பைக்குக்குக்கூட நான் இவ்வளவு செய்ததில்லை.

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த அத்தை மகன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மச்சான், ராக்கெட் விட்ட அன்னிக்கெல்லாம் நான் பண்றதே இதுதான்!"

பயலுக்கு அங்கே ராக்கெட் விடுவது பொழுதுபோக்கு. தீபாவளி ராக்கெட் இல்லை சார், ஆள் உயரம்! கிலோமீட்டர் கணக்கில் மேலே போய் பாராசூட்டில் இறங்குமாம். பெரிசு விட சங்கத்தில் மூன்று படி பரீட்சை. எரிபொருள்தான் தீரும். அதைச் சுமந்த அலுமினியக் குழாய் திரும்பி வரும். கழுவி, புதுசு நிரப்பி, மறுபடி மேலே. வாங்கின விலையை எத்தனை பறத்தலுக்குப் பங்கு போடலாம் என்று மனசுக்குள் தேய்மானக் கணக்கு போட ஆரம்பித்தேன். ஜாதி புத்தி... காமர்ஸ் ஜாதி.

செல்போனில் படம் காட்டினான். உள்ளே ஒரு அட்டை உறை. இளஞ்சூட்டிலேயே உருவினால் வழுக்கிக்கொண்டு வரும், ஆறவிட்டால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். பிறகு சோப்புத் தண்ணீர். சுரண்ட மரக்குச்சி மட்டும், இரும்பு கூடவே கூடாது. உள்சுவரில் கீறல் விழுந்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காராது, நெருப்பு அந்தச் சந்தில் புகுந்து வெளியே வரும். வளையம் ஒவ்வொரு தடவையும் புதுசு.

"சாம்பல் போட்டுத் தேய்க்கலாமே" என்றார் ஐயா.

"ஐயோ, சாம்பல் அலுமினியத்தைத் தின்னுரும்!"

"திங்கிறதை வச்சு என்னத்துக்கு ராக்கெட் விடறீங்க?" அலுமினியத்தின் மேல் ஐயாவுக்கு இருந்த கொஞ்ச மரியாதையும் போச்சு.

நாசாவும் இதே வேலை செய்ததுதான். விண்ணோடத்தின் பக்கவாட்டு பூஸ்டர்கள் அட்லாண்டிக்கில் விழும். கப்பல் அனுப்பி இழுத்துவந்து, கழற்றி, கழுவி, சோதித்து, யூட்டாவில் மறுபடி எரிபொருள் நிரப்பினார்கள். 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சரில் ஏழு பேர் போனதும் ஒரு பூஸ்டர் இணைப்பால்தான். குளிரில் விறைத்த ரப்பர் வளையம் நெருப்பைத் தடுக்கவில்லை. பயல் இதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் ராத்திரி இரண்டாம் சுற்று. ஒரு வெடிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஈரத்துணிக் கம்பால் குழாயைத் துழாவவேண்டும். உள்ளே ஒரு பொறி தங்கியிருந்தால், போடுகிற மருந்து போடும்போதே பற்றும். 1751-ல் இந்தக் கோட்டைப் பக்கம் சந்தா சாகிபும் முகமது அலியும் மோதினார்களே, அந்தக் காலத்துப் பீரங்கிக்காரர்களும் ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஈரக்கம்பை விட்டுத்தான் அணைப்பார்கள்.

துழாவுவது நான். நடுவில் போன் வந்தது. பேசிக்கொண்டே ஒரு குழாயைத் தாண்டிவிட்டேன்.

ஐயா மருந்துப் பையோடு வந்தவர், ஏழாவது குழாயிடம் நின்றார். டார்ச் அடித்தார். பையை அப்படியே பின்னால் எட்ட வைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினார்.

சுர்ர்ர்...

திட்டவில்லை. வலது கையை மட்டும் டார்ச் வெளிச்சத்தில் நீட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிதான். இரண்டு நாளாகக் கூடவே இருந்தும் நான் கவனிக்கவில்லை.

"பத்தொம்பது வயசு எனக்கு அப்ப. தொடைச்சுட்டேன்னு ஒருத்தன் சொன்னான்."

போனை அத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, பதினொன்றையும் முதலிலிருந்து துழாவினேன். கடைசி வேட்டு போட அரைமணி தாமதம். விழாக் கமிட்டி கத்தியது. ஐயா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

விடியற்காலை கழுவி வரிசையாக வைத்தேன். ஐயா ஒவ்வொன்றிலும் விரல் விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார், ஏழாவதில் கொஞ்சம் கூடுதல் நேரம். விரலை என் முகத்துக்கு நேரே காட்டினார். நுனியில் லேசாகக் கறுப்பு.

அடுப்பில் மறுபடி தண்ணீர் வைத்தேன்.